பெயரில் வாழும் மலைகள்

மலையைப் பாடாத புலவர் தமிழில் அரியர். நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர் மலைக்கென்றே குறிஞ்சி எனத் தனித்திணை ஒன்றை வகுத்து, அதற்குரிய தெய்வமாகச் சேயோனை வைத்தனர். மலையின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் கொண்டிருந்த சொற்கள் பல. மலைச்சரிவு சாரல் எனப்படும், ஒன்றையொன்று அடுத்து நிற்கும் மலைப்பக்கம் அடுக்கம் எனப்படும், பாறையின் பிளவு விடர், குகை முழை, பாறையில் ஊறி நிற்கும் நீர் சுனை, உயரத்தினின்று வீழும் நீர் அருவி. ஏட்டிலே கற்ற இச்சொற்களைக் கண்ணாலே கண்டு கற்க விரும்புவோர் ஒருமுறை ஊவா மாகாணத்துக்கு வருதல் வேண்டும்.

யான் இம்மாகாணத்திலே ஒரு தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவன். கீழைத்தேயக் கல்லூரி ஒன்றில் இலக்கணங் கற்று, மீண்டும் இம்மலைகளுக்கே ஆசிரியனாக வந்து சேர்ந்தவன். ஆண்டுதோறும் மாணாக்கரை அழைத்துக்கொண்டு இரண்டு நாட் சுற்றுலாச் செல்வது என் வழக்கம். அண்மையில் அவ்வாறு சென்றபோது ஒரு மாணவி கேட்ட வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பதுளை நகரிலே

நமுனுகுலை மலைத்தொடரின் அடியில், பதுளு ஓயா வளைந்தோடும் பள்ளத்தாக்கிலே பதுளை நகர் அமைந்திருக்கின்றது. இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுகுலைக்கு 'ஒன்பது சிகரம்' என்று பொருள் கூறுவர். முகில் விலகும் காலைப்பொழுதில் அச்சிகரங்களை எண்ணிப் பார்ப்பது எம் மாணாக்கருக்கு ஒரு விளையாட்டு. எண்ணிக்கை ஒருபோதும் இருவருக்கு ஒத்துவந்ததில்லை.

நகரிலே முதலிற் காணத்தக்கது முத்தியங்கனை விகாரை. புத்தபெருமான் மூன்றாம் முறையாக இலங்கைக்கு எழுந்தருளியபோது, நமுனுகுலையை ஆண்ட இந்தகன் என்பான் வேண்ட இங்கு வந்தார் என்பது பௌத்தர் நம்பிக்கை. அவர்கள் போற்றும் பதினாறு திருத்தலங்களுள் இதுவும் ஒன்று. நகரின் நடுவே கதிர்காமத் தேவாலயம் இருக்கின்றது. நாம் முருகன் என வழிபடும் தெய்வத்தைச் சிங்கள மக்கள் கதிர்காமத் தெய்வமென வழிபடும் கோயில் அது. கதிர்காமமும் இவ் ஊவா மாகாணத்தின் தென்கோடியிலேயே உள்ளது. குறிஞ்சிக் கிழவன் இம்மலைநாட்டிற் குடிகொண்டிருப்பது வியப்பன்று.

பதுளையின் பெயரோடு வழங்கும் ஒரு தூண் கல்வெட்டைப் பற்றி யான் எப்போதும் மாணாக்கருக்கு விரித்துச் சொல்வதுண்டு. மகியங்கனைக்கு அண்மையில் சொரபொர வாவிப் பக்கத்தே கண்டெடுக்கப்பட்டுப் பின்னாளிற் பதுளைக்குக் கொணரப்பட்ட தூண் அது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும் அவன்முன் சென்று, அதிகாரிகள் முறையற்ற தண்டம் அறவிடுகின்றனர் என முறையிட்டனர். மன்னன் முறைப்பாட்டைக் கேட்டுச் சந்தைக்குரிய சட்டங்களை வகுத்துக் கல்லிற் பொறிப்பித்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த எளிய சந்தைக்காரரின் மனக்குறை இன்றும் கல்லிலே நிற்கின்றது.

அடுத்து நாம் சென்றது புனித மாற்கு தேவாலயம். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது. ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பேரெடுத்தவர் அவர். ஊவாவிற் பாதைகள் அமைத்தவர் என்ற புகழும் அவருக்கு உண்டு. 1845ஆம் ஆண்டு அப்புத்தளையிலே இடி வீழ்ந்து இறந்தார். இவ்வளவையும் யான் சொல்லி முடித்தபோது, பின்வரிசையில் நின்ற மாணவி ஒருத்தி கேட்டாள்:

"ஐயா, பாதை போட்டவர் அவர் என்றால், கல்லுடைத்தவர்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?"

உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. "போகும் வழியிற் பார்ப்போம்" என்று சொல்லி வண்டியில் ஏற்றினேன். ஆசிரியர் தப்பித்துக்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பதை வாசகர் அறிவர்.

புகை எழும் அருவி

பதுளையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் தொலைவிலே துன்ஹிந்தை அருவி. வண்டியை விட்டிறங்கி ஒன்றரைக் கிலோமீற்றர் வரை காட்டுவழியே நடத்தல் வேண்டும். முதலில் ஓசை மட்டும் கேட்கும். பின்னர் இலைகளிலே ஈரம் தெரியும். அதன்பின்னரே பதுளு ஓயா 64 மீற்றர், அஃதாவது 210 அடி, உயரத்தினின்று பாறைப் பிளவினூடே பாய்ந்து வீழ்வதைக் காணலாம். வீழ்ந்த வேகத்தில் நீர் துவலையாய் உடைந்து புகைபோல மேலெழுகின்றது. அப்புகையே அருவிக்குப் பெயர் தந்தது என்பர். இந்நீர் மகாவலி கங்கையோடு கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது.

இப்பள்ளத்தாக்குகளின் அழகைப் பேசுவோர் அவற்றின் துயரையும் பேசுதல் வேண்டும். 1817ஆம் ஆண்டு ஊவா, வெல்லஸ்ஸைப் பகுதிகளில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதற்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிப்பொல திசாவை 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சியை அடக்க வந்த படை வயலையும் வீட்டையும் எரித்தது. பின்னர் 1840ஆம் ஆண்டின் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் புன்செய்யையும் முடிக்குரியதாக்கிற்று. அவ்வாறு அரசு கைக்கொண்ட மலைகளிலேதான் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத்தான் தமிழ்நாட்டினின்று நம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர். நிலம் இழந்தவன் ஒருவன். அந்நிலத்திற் கூலிக்கு நின்றவன் மற்றொருவன். இருவரும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணியது காலத்தின் கொடுமை.

எல்லையும் இருப்புப்பாதையும்

பதுளையினின்று பண்டாரவளை நோக்கிச் செல்லும் வழியில் ஹாலிஎலைக்குப் பக்கத்தே போகொடை என்னும் இடத்தில், கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று கல்லந்த ஓயாவின் குறுக்கே நிற்கின்றது. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழியில் அமைந்தது அது. நடந்து களைத்தவர் கூரை நிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். பாலத்தைக் கட்டியவன் நடப்பவனின் காலை நினைத்துக் கட்டியிருக்கின்றான். அதே வழியில் தோவைக் கோயிலிலே பாறையிற் செதுக்கத் தொடங்கி முற்றுப்பெறாது விடப்பட்ட புத்தர் நிற்கின்றார். முற்றுப்பெறாமையே அவ்வுருவத்துக்கு ஓர் அமைதியைத் தந்திருக்கின்றது.

'எல்ல' என்னும் சிங்களச் சொல்லுக்கு அருவி என்பது பொருள். ஆகவே எல்ல என்ற ஊரின் பெயரே அருவியூர் என்பதாம். ஊருக்குக் கீழே இராவணன் பெயரால் ஓர் அருவியும் மேலே ஒரு முழையும் உள. சீதையை இங்கே மறைத்து வைத்திருந்தான் என்பது செவிவழிக் கதை. கம்பனைக் கற்ற கண்ணுக்கு அசோகவனம் எங்கிருந்தது என்பது ஓர் ஆராய்ச்சி. மாணாக்கருக்கோ அருவியில் நனைவதே ஆராய்ச்சி.

எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் நிற்கின்றது. 1921ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. இரும்புத் தூண் இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது. ஏறத்தாழ 300 அடி நீளம். 80 அடி உயரம். தெமோதரையிலே இருப்புப்பாதை இன்னொரு விந்தை புரிகின்றது. இறக்கத்தைச் சமாளிக்கும் பொருட்டு, பாதை மலையைச் சுற்றி வளைந்து வந்து, தான் முன்னர்க் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடு செல்லுகின்றது. பாதை பதுளையை எட்டிய ஆண்டு 1924. கொழும்பினின்று 292 கிலோமீற்றர்.

இப்பாதையை அமைத்தோர் வெடிவைத்துப் பாறை பிளந்தனர், மண் சுமந்தனர், மழையில் நின்று தண்டவாளம் இட்டனர். அவருட் பலர் தென்னிந்தியத் தொழிலாளர். எம் மாணவி பாலத்தின் கற்களைத் தடவிப் பார்த்தாள். யாதும் பேசவில்லை. அவள் எதைத் தேடுகின்றாள் என்பதை யான் அறிவேன்.

கச்சான் வீசும் மலை

இரண்டாம் நாள் அப்புத்தளைக்குச் சென்றோம். அப்புத்தளை ஒரு கத்தி விளிம்பில் அமர்ந்த ஊர். ஒருபுறம் ஊவாப் பள்ளத்தாக்கு; மறுபுறம் தெற்கே கடல்வரை தாழ்ந்து செல்லும் சமவெளி. இங்கிருந்து தேயிலைகளினூடே வளைந்தேறும் பாதை தம்பதென்னைத் தொழிற்சாலையைக் கடந்து 'லிப்டன் சீட்' என்று மக்கள் வழங்கும் முகட்டை அடைகின்றது. 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்ட இடம். அவர் உருவச்சிலை ஒன்று அங்கே அமர்ந்திருக்கின்றது. வருவோரெல்லாம் அதன் பக்கத்தில் அமர்ந்து படம் பிடித்துக்கொள்கின்றனர்.

ஊவாத் தேயிலையின் மணம் உலகறிந்தது. அதற்குக் காரணம் கச்சான் காற்று. ஆடி, ஆவணித் திங்களையொட்டித் தென்மேற்கினின்று வரும் காற்று மலைக்கு அப்பாலே மழையை இறக்கிவிட்டு, வறண்ட காற்றாய் இக்கணவாய்களினூடே பாய்கின்றது. வாட்டத்தினாலே தளிரின் வளர்ச்சி குன்றுகின்றது. குன்றிய தளிரிலே மணம் திரளுகின்றது. அக்காற்றிலே உதடு வெடிக்க, தலையிற் கூடைக் கயிறு அழுத்த, நிரை பிடித்துக் கொழுந்து கொய்யும் பெண்களுக்கு அம்மணத்தின் விலை தெரியாது. அதற்குத் தாம் கொடுக்கும் விலை மட்டும் தெரியும். என் தாயும் அவருள் ஒருத்தி.

இம்மலைகளின் தெற்குச் சரிவிலேதான் இலங்கையின் மிக உயர்ந்த அருவிகள் இரண்டும் உள. கலுப்பஹனைக்கு அண்மையில் வீழும் பம்பரகந்தை 263 மீற்றர் உயரமுடையது; இத்தீவில் அதனினும் உயர்ந்த அருவி இல்லை. 'பம்பரா' என்பது பாறையிற் கூடு கட்டும் பெருந்தேனீ. வடமொழியிற் பிரமரம் என வழங்கும் சொல்லின் வழிவந்தது. மலைத்தேனும் அருவியும் ஒருங்கே இருப்பது குறிஞ்சியின் இயல்பன்றோ? மற்றது கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் 220 மீற்றர் வீழும் தியலுமை. அவ்வருவியின் நீர் பூனாகலை ஓயாவினின்று வருவது. பூனாகலைத் தோட்டங்களின் பக்கமாய் இறங்கிப் பாறை விளிம்பிற் குதித்துக் கிரிந்தி ஓயாவிற் கலந்து தென்கடல் சேருகின்றது. துன்ஹிந்தையின் நீர் கீழ்க்கடலுக்கு; தியலுமையின் நீர் தென்கடலுக்கு. ஒரே மலைத்தொடரிற் பெய்த மழை இவ்வாறு பிரிந்து போகின்றது.

கொஸ்லாந்தைக்கு வந்தவர் மீரியபெத்தையை நினையாது செல்லுதல் தகாது. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலை, அத்தோட்டத்தின் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. வேலைக்கும் பள்ளிக்கும் புறப்பட்ட நேரம். அவ்விடம் குடியிருப்புக்குத் தகாதது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எனினும் மக்களுக்கு வேறிடம் அமையவில்லை. 2025 நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயல் கொணர்ந்த பெருமழையிலும் பதுளை மாவட்டத்து மலைகள் பல சரிந்து உயிர்களைக் கொண்டன. அருவியை ஊட்டும் மழையே மலையையும் சரிக்கின்றது. மலைச்சரிவிலே லயத்தில் வாழ்வோன் இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கேட்டுக்கொண்டு உறங்குகின்றான். தியலுமையின் அழகைக் கண்ட கண்களோடு எம் மாணாக்கர் மீரியபெத்தை நோக்கி நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தனர். யான் சொல்லிச் செய்ததன்று.

இலக்கணமும் மக்கள் வாயும்

திரும்பும் வழியில் வண்டியிலே அவ்வினாவை யான் எடுத்துக்கொண்டேன். கல்லிலே நம்மவர் பெயர் இல்லை. சொல்லிலே உண்டா என்று பார்ப்போம் என்றேன்.

ஆகார ஈற்று வடசொல் தமிழில் ஐகார ஈறாக வரும் என்பது நன்னூல் கற்றோர் அறிந்தது. மாலா மாலையாகும், சபா சபையாகும், சீதா சீதையாவாள், லங்காவும் இலங்கையாயிற்று. இவ்விதியை ஒரு வகுப்பிலும் கற்றறியாத கோப்பிக் காலத்துத் தொழிலாளர், சிங்கள ஊர்ப்பெயர்களைச் செவியாற் கேட்டு, அவ்விதியின் வழியே தம் வாய்க்கு இசைய ஆக்கிக்கொண்டனர். பதுல்ல பதுளை ஆயிற்று. பண்டாரவெல பண்டாரவளை ஆயிற்று. பஸ்ஸர பசறை ஆயிற்று. வெலிமட வெலிமடை ஆயிற்று. ஹப்புத்தலையின் ஹகரத்தை உதறி அப்புத்தளை என்றனர். மலையேறி வந்தவர் எழுத்தறியாதவராயினும் இலக்கணம் அவர் நாவிலே இருந்தது. ஒரு சிங்களப் பெயர், தமிழ் ஈற்றோடு, இரு மக்களுக்கும் பொதுவாய் நிற்கின்றது. அதை யாரும் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை.

இவை ஊர்ப்பெயர்கள். தோட்டத்துக்குள்ளே இன்னும் நுண்ணிய பெயர்கள் உண்டு. துரைமார் புத்தகத்திலே தேயிலை மலைகளுக்கு நம்பர் மட்டுமே உண்டு. ஏழாம் நம்பர், பதினோராம் நம்பர் என்பன இடுகுறி. மக்கள் வழங்கியவையோ காரணப்பெயர்கள்: கழுகுக்கல், பன்றிப்பள்ளம், பீலிக்கரை, மேட்டு லயம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கின்றது.

அப்பெயர்கள் எங்கே போயின? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென எழுதிற்று. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேதான் தீர்ந்தது. இடையில் எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறின. என் தாய்மாமனும் அவ்வாறு சென்று நீலகிரியிலே கூடலூர்ப் பக்கத்தில் மீண்டும் தேயிலையிலேயே வேலைக்கு அமர்ந்தார். அவர் எழுதிய கடிதங்களைத் தாய்க்கு வாசித்துக் காட்டுவது சிறுவனாகிய என் கடமை. ஒரு கடிதத்திலே, "பீலிக்கரைக் கித்துள் மரம் நிற்கிறதா? கல்லுடைச்சான் முடுக்கிலே இன்னமும் தண்ணீர் கசிகிறதா?" என்று கேட்டிருந்தார். அம்மா சிறிது நேரம் பேசாதிருந்து, "கசியுதுன்னு எழுது" என்றாள். அந்த முடுக்கு எது என்று யான் அன்று கேட்கவில்லை.

சுற்றுலா முடிந்த பின்னர், மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பழைய மலைப்பெயர்களை எழுதிவருதல் வேண்டும் எனப் பணித்தேன். வினாக் கேட்ட மாணவி ஒரு கொப்பி நிறைய எழுதி வந்தாள். அவள் வாழ்வது யான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். அதன் நடுப்பக்கத்தில் 'கல்லுடைச்சான் முடுக்கு' என்று இருந்தது. பாதை வெட்டிய காலத்தில் அத்திருப்பத்திலே பாறை சரிந்து ஒரு தொழிலாளி மாண்டான் என்றும், அவன் இயற்பெயர் யாருக்கும் தெரியாது என்றும், முதியவள் ஒருத்தி சொன்னதாகக் குறித்திருந்தாள்.

திருத்தும் பழக்கத்தினாலே என் சிவப்பு மை 'உடைச்சான்' என்பதை அடித்து 'உடைத்தான்' என்று எழுதிவிட்டது. எழுதிய பின்னரே என் பிழை எனக்குத் தெரிந்தது. இலக்கணப்படி என் திருத்தம் சரி. ஆயின் அந்த மனிதனுக்கு எஞ்சியிருப்பது அந்த ஒரு சொல் மட்டுமே. அதையும் யான் மாற்றினால் அவனுக்கு என்ன மிஞ்சும்? என் திருத்தத்தை அடித்துவிட்டுப் பக்கத்திலே அவள் எழுதியவாறே மீண்டும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வைத்திராவிடின் அவற்றுட் பல இன்று நமக்குக் கிட்டியிரா. பாடலுக்கு அவர் செய்ததைப் பெயருக்கு நாம் செய்யலாம். இதற்குப் பெருநிதியம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், பொறுமையுள்ள செவியும், கூடையை இறக்கிவைத்துவிட்டு இஸ்தோப்பில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியும் போதும். ஊவாவின் அருவிகளைக் காண வரும் அன்பர்கள் அவற்றின் உயரத்தைப் பலகையிலே படித்துக்கொள்ளலாம். அங்கே பலகையிற் காணாத பெயர்களையும் ஒருவரிடம் கேட்டுச் செல்வார்களாக. மலையகத்து ஆசிரியர்களோ, மாணாக்கர் கொண்டுவரும் பெயரை முதலில் எழுதிக்கொள்வார்களாக. திருத்துவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாணவி நேற்று மீண்டும் வந்தாள். கல்லுடைச்சான் முடுக்கிலே இன்னமும் நீர் கசிகின்றதாம்.